நிலத்தில் யுரேனியம் இருந்தால் சுரங்கம் வந்துவிடுமா?

திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை மணலுக்குள் யுரேனியம் இருக்கிறது, அதைத்தான் கப்பல் கப்பலாக ஏற்றுகிறார்கள் என்ற கதை இலங்கையின் வடக்கில் நெடுநாளாக உலவுகிறது. இன்னொரு கதை ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் வருகிறது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் பெரிய யுரேனியப் படிவு கண்டுபிடித்துவிட்டார்கள், இப்போதே பங்கு வாங்கினால் நல்லது என்று மச்சான் ஒருவர் அனுப்பியிருப்பார். ஒன்று பயம், மற்றது ஆசை. இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்: யுரேனியம் நிலத்தில் இருந்தால் எடுத்துவிடலாம், எடுத்தால் பெருஞ்செல்வம்.

இந்த எண்ணம் பிழை. நிலத்தில் இருப்பதற்கும் சுரங்கமாவதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. பெரும்பாலான படிவுகள் அவற்றில் ஏதோ ஒன்றில் நின்றுபோகின்றன. செய்தியில் வரும் "இத்தனை தொன்" என்ற எண் எந்தப் படியில் நின்று சொல்லப்பட்டது என்று தெரியாவிட்டால், அதை வைத்துப் பயப்படவும் முடியாது, காசு போடவும் கூடாது. அந்தப் படிகளை அடியிலிருந்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டு நாடாகக் கனடாவை வைத்துக்கொள்கிறேன். தேடுதல், அளத்தல், தோண்டுதல், மூடுதல் என்று முழுச் சங்கிலியையும் அங்கே காணலாம். எங்கள் சனம் நிறைய வாழும் நாடு என்பதும் ஒரு காரணம். ஒன்ராறியோ மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி அணு உலைகளிலிருந்து வருகிறது. ஏஜாக்ஸில் வீடு வாங்கியிருக்கும் எங்கள் உறவினருக்கு ஒரு பக்கம் பிக்கரிங் உலைகள், மறுபக்கம் டாலிங்ரன் உலைகள்.

## எங்கும் இருப்பதுதான் சிக்கல்

யுரேனியம் அரிதான உலோகம் அல்ல. 1789இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் மார்ட்டின் கிளாப்ரொத் அதை இனங்கண்டார். பூமியின் மேலோட்டில் ஒரு தொன் பாறைக்குச் சராசரியாக 2 தொடக்கம் 3 கிராம் இருக்கிறது. வெள்ளியை விட அதிகம். பொன்னோடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு. கருங்கல்லில் இன்னும் சற்றுக் கூட. கடல்நீரிலும் கரைந்திருக்கிறது. கீரிமலையில் ஒரு தொன் கடல்நீர் அள்ளினால் அதற்குள் சுமார் 3 மில்லிகிராம் யுரேனியம் வரும்.

ஆகவே "எங்கள் மண்ணில் யுரேனியம் இருக்கிறதா?" என்று கேட்டால் உலகின் எந்த ஊராரும் "ஓம்" என்று சொல்லலாம்.

இலங்கைக்கே இதில் ஒரு பழைய வரலாறு உண்டு. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்று அறிஞராகவே பெரும்பாலானோர் அறிவார்கள். அவர் தொடக்கத்தில் புவிச்சரிதவியலாளர். இலங்கையின் கனிய அளவைப் பிரிவுக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர். சபரகமுவப் பக்கத்தில், இரத்தினக்கல் அரிக்கும் படிவுகளில் கிடைத்த கறுப்பான, கைக்குப் பாரமான, சிறு கனசதுரக் கற்களை அவர் ஆராய்ந்ததன் பயனாக 1904இல் தோரியனைற் என்ற புதிய கனியம் உலகுக்கு அறிமுகமானது. தோரியத்தோடு யுரேனியமும் கலந்த கனியம் அது. உலகக் கனியப் பட்டியலில் இலங்கையின் பெயர் நிலைத்தது. யுரேனியச் சுரங்கம் ஒன்றும் எழவில்லை. கற்கள் உண்மையானவை, யுரேனியமும் உண்மையானது. ஒரு சுரங்கத்தை நடத்துமளவுக்கு அவை ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை.

## கிணறு வெட்டுபவர் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தேங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. இங்கே கிணறு வெட்ட நினைப்பவர் "நிலத்தடியில் தண்ணீர் இருக்கா?" என்று கேட்பதே இல்லை. இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்பது வேறு: நல்ல தண்ணீரா, சவரா? எத்தனை அடியில்? கோடையில் இறைத்தால் தாங்குமா, கூட இறைத்தால் சவர் ஏறுமா? கல் உடைக்கும் கூலியும் பம்புக்கு ஊற்றும் எண்ணெயும் வெங்காயத்தில் திரும்புமா? பக்கத்துக் காணிக் கிணறு நல்ல தண்ணீர் என்பதால் இந்தக் காணியிலும் அப்படித்தான் என்று அனுபவசாலி ஒருவரும் துணிந்து சொல்லமாட்டார். ஓரிரு இடத்தில் துளை போட்டுப் பார்த்த பின்தான் வாயைத் திறப்பார்.

யுரேனியத்திலும் இதே கேள்விகள்தான், இதே வரிசையில். பாறையில் எத்தனை வீதம் இருக்கிறது என்பது அதன் தரம். சூழவுள்ள பாறையை விடத் தெளிவாகக் கூடுதல் தரத்தோடு குவிந்து கிடக்கும் இடம் படிவு. அந்தப் படிவைத் துளையிட்டு அளந்து, ஒருநாள் இலாபத்தோடு எடுக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கிட்ட பகுதி வளம். அந்த வளத்துக்குள், இன்றைய விலையில், தெரிந்த ஒரு முறையில், செலவெல்லாம் போக இலாபத்தோடு எடுக்கலாம் என்று பொறியியல் ஆய்வு காட்டிய பகுதி மட்டும் இருப்பு.

வளமும் இருப்பும் ஒன்றல்ல. செய்திகளில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

## யுரேனியம் ஓரிடத்தில் சேர்வது எப்படி

எங்கும் சிதறிக் கிடக்கும் பொருள் சில இடங்களில் மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு செறிவாகச் சேர்வது ஏன்? இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால், தேடும் முறை தொடக்கம் எடுக்கும் முறை வரை பெரும்பகுதி தானாக விளங்கும்.

யுரேனியத்துக்கு இரண்டு முக்கிய இரசாயன நிலைகள் உண்டு. ஒட்சிசன் கலந்த நீரில் அது ஒட்சியேற்றப்பட்ட நிலைக்குப் போகிறது. அப்போது நீரில் இலகுவாகக் கரைந்து, நீரோடு சேர்ந்து பயணம் செய்யும். அந்த நீர் காபனோ கந்தகச் சேர்வைகளோ நிறைந்த, ஒட்சிசன் அற்ற இடத்தை அடைந்தால் யுரேனியம் தாழ்த்தப்பட்ட நிலைக்கு மாறுகிறது. இந்த நிலையில் அது கரையாது. நீரிலிருந்து பிரிந்து, கறுத்த கனியமாகப் பாறையில் படிந்துவிடும். நீர் தொடர்ந்து போகும். புதிய நீர் வரும். அதுவும் கொண்டுவந்ததை அதே இடத்தில் இறக்கும். இது பல இலட்சம் ஆண்டுகள் நடந்தால் அங்கே ஒரு படிவு உருவாகும்.

வட சஸ்கச்சுவானில் அதபாஸ்கா வடிநிலம் என்று ஒரு பரந்த மணற்கல் பிரதேசம் இருக்கிறது. அந்த மணற்கல்லின் வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள். அதற்குக் கீழே இன்னும் பழைய பாறை. அந்தப் பழைய பாறையில் காரீயம் நிறைந்த பிளவுகள் ஓடுகின்றன. போகலச் சுரங்கத்தில் நாம் எடுக்கிற அதே காரீயம், அதாவது காபன். மணற்கல்லுக்குள் ஓடிய சூடான உப்புநீர் யுரேனியத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கி, இரண்டு பாறைகளும் சந்திக்கும் தளத்தில், அந்தப் பிளவுகளை அண்டி, அதை இறக்கிவிட்டுப் போனது. உலகிலேயே மிக உயர்ந்த தரமுள்ள யுரேனியப் படிவுகள் அங்கே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கசகஸ்தானிலும் அடிப்படை இதே இரசாயனம். அங்கே இளமையான, இளக்கமான மணற்கல் படைகளுக்குள் நிலத்தடி நீர் மெல்ல ஊர்ந்து போகும் வழியில், ஒட்சிசன் தீர்ந்துபோகும் எல்லையில் யுரேனியம் பிறைபோல் வளைந்த பட்டையாகப் படிந்திருக்கிறது. தரம் குறைவு; ஆனால் மிகப் பெரிய பரப்பு.

சுருக்கமாக, ஒட்சிசன் உள்ள நீரில் கரைகிறது, ஒட்சிசன் அற்ற இடத்தில் படிகிறது. இந்த ஒரு வரியை மனதில் வைத்திருங்கள். கீழே இரண்டு தடவை உதவும்.

## தேடுதல்: கருவி கேட்பது யுரேனியத்தின் குரலை அல்ல

யுரேனியம் கதிர்த்தொழிற்பாடுள்ள மூலகம். அதன் அணுக்கள் தாமாகவே உடைந்து வேறு மூலகங்களாக மாறுகின்றன. அப்படி மாறுகையில் கதிர்களை வெளிவிடுகின்றன. இயற்கை யுரேனியத்தில் 99 வீதத்துக்கு மேல் இருப்பது யுரேனியம் 238 என்ற அணுவகை. அதில் பாதி உடைந்து முடிய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு மெதுவாக உடைவதால் தூய யுரேனியத்தின் கதிர் மெலிதானது. கருவியில் பலமாகக் கேட்பது அதன் வழித்தோன்றல்களின் கதிர். குறிப்பாக, உடைவுச் சங்கிலியில் பின்னால் வரும் பிஸ்மத் 214 என்ற அணுவகை விடும் காமாக் கதிர்.

இதனால் இரண்டு சிக்கல்கள்.

முதலாவது, காமாக் கதிரை அரை மீற்றர் தடிப்புள்ள மண்ணோ பாறையோ ஏறக்குறைய முழுமையாக நிறுத்திவிடும். வானூர்தியில் கருவியைக் கட்டிப் பறந்தாலும் தெரிவது நிலத்தின் மேற்தோல் மட்டுமே. உலகின் மிகச் செழிப்பான படிவுகளில் ஒன்றான அதபாஸ்காவின் மக்காதர் ரிவர் 500 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அதன் மேல் கருவியோடு நாள் முழுக்க நடந்தாலும் ஊசி அசையாது. "கருவி அடிச்சுது, ஆகவே கீழே யுரேனியம்" என்பதும், "கருவி அடிக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்பதும் ஒரே அளவு பிழை.

இரண்டாவது, வழித்தோன்றல்கள் இருக்கும் இடத்தில் தாய் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கலாம். வழித்தோன்றல்களில் ஒன்றான ரேடியம் பின்தங்கி, தொடர்ந்து கதிர் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே கருவியின் வாசிப்பை மட்டும் நம்பித் தரத்தை முடிவு செய்வதில்லை. கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி இரசாயன முறையில் அளந்தே உறுதிசெய்ய வேண்டும்.

பின் ஆழத்தில் இருப்பதை எப்படிக் கண்டார்கள்? அதே வடிநிலத்தின் கீ லேக் படிவைக் கண்டுபிடிக்க உதவியவை தரையில் கிடந்த கற்கள். பனியுகத்தில் பனிப்பாளங்கள் படிவின் தலையைச் சுரண்டி, உடைந்த கற்களைத் தாம் போன திசையில் இழுத்துப்போட்டிருந்தன. கதிர் விடும் கற்களின் அந்த வரிசையைப் பின்னோக்கித் தொடர்ந்து, 1970களின் நடுவில் மூலத்தை அடைந்தார்கள். பனிப்பாளம் தொடாத ஆழத்துக்கு வேறு வழி. மேலே சொன்ன இரசாயனம் இங்கே முதல் தடவை கைகொடுக்கிறது: படிவு காரீயப் பிளவை அண்டித்தான் இருக்கும், காரீயம் மின்னைக் கடத்தும். ஆகவே அவர்கள் மின்காந்த அளவையால் தேடுவது காரீயத்தை. காரீயக் கோடு கிடைத்ததும் அதன் மேல் துளையிடுவார்கள். அந்தக் கோடுகளில் மிகப் பல வெறுமையானவை.

வைரம் பதித்த துளைமுனை சுழன்று இறங்க, குழாய்க்குள் உருளை வடிவக் கல் நீளநீளமாக மேலே வரும். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் தடிப்பு. ஆழம் குறித்த பெட்டிகளில் அவற்றை வரிசையாக அடுக்குவார்கள். மேற்பெட்டிகளில் வெளிறிய மணற்கல். இறங்க இறங்கக் கல் களித்தன்மையாகி, கையால் உதிரும் அளவுக்கு இளகும். சூடான நீர் அந்த வழியே போன அடையாளம் அது. பெரும்பாலான துளைகளில் கதை இதோடு முடிந்துவிடும். அதிட்டமுள்ள துளையில் மட்டும், அடுத்த பெட்டியில், ஒரு சில மீற்றருக்குக் கரிக்கட்டிபோல் கறுத்த, ஆனால் தூக்கினால் ஈயம்போல் பாரமான கல் வரும். அதுதான் பிச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாது.

பங்குச் செய்தி பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் புறப்படுகிறது. "ஒரு துளையில் 10 மீற்றருக்கு 8 வீதம்" என்பதுபோல் ஒரு வரி. துளை சரிவாகப் போயிருந்தால் அந்த 10 மீற்றர் படிவின் உண்மைத் தடிப்பாக இராது. பக்கத்துத் துளை வெறுமையாகவும் இருக்கலாம். ஒரு துளை ஒரு துளைதான்.

## அளத்தல்: தொன்னுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை

கிணற்றுக்காரர் ஓரிரு துளையோடு முடிவெடுக்கலாம். இங்கே நூற்றுக்கணக்கில் தேவை. துளைகள் தூரத்தூர இருந்தால், இடையில் உள்ளதை ஊகிக்கிறோம். நெருக்கமாக இருந்தால், அறிகிறோம். இதை வைத்து வளத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தொடர்ச்சி ஊகமாக மட்டுமே தெரிந்தது ஊகித்த வளம். சுரங்கத் திட்டம் வரையுமளவுக்குத் தெரிந்தது குறித்த வளம். நெருக்கமாகத் துளைத்து உறுதியானது அளந்த வளம். பின்னைய இரண்டு மட்டுமே, பொறியியல் ஆய்வைக் கடந்தால், இருப்பாக மாற முடியும். ஊகித்த வளம் எத்தனை கோடி இறாத்தல் என்றாலும் இருப்புக் கணக்கில் ஏறாது.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததல்ல. இந்தோனேசியாவில் பெரும் பொன் படிவு கிடைத்ததாகச் சொன்ன ஒரு கனடியக் கம்பனியின் மாதிரிகளில் பொன்தூள் கலக்கப்பட்டிருந்தது 1997இல் வெளிப்பட்டது. கோடிக்கணக்கான டொலர் பங்குப் பணம் ஆவியாகியது. அதன் பின் 2001இல், கனியம் பற்றிப் பொதுமக்களுக்கு வெளியிடும் எந்தக் கணக்குக்கும் தகுதியுள்ள நிபுணர் ஒருவர் பெயரோடு பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி கனடாவில் வந்தது. யுரேனியக் கம்பனிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. வட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: எந்த வகை வளம், கையொப்பமிட்டவர் யார்.

அடுத்தது விலை. சர்வதேச அணுசக்தி முகவரகமும் பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அணுசக்தி முகவரகமும் சேர்ந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை உலக யுரேனிய வளத்தைக் கணக்கிடுகின்றன. ஒரு கிலோ எடுக்க 130 டொலருக்கு உட்பட்ட செலவு என்றால், 2021 தொடக்கத்தில் உலக வளம் சுமார் 61 இலட்சம் தொன். 260 டொலர் வரை செலவழிக்கலாம் என்றால் அதே நாளில் சுமார் 79 இலட்சம் தொன். புதிதாக ஒரு கல்லும் கண்டுபிடிக்கப்படவில்லை. விலை எல்லையைத் தள்ளியதும் சுமார் 18 இலட்சம் தொன் கூடிவிட்டது. "யுரேனியம் இன்னும் 90 ஆண்டுக்குத்தான்" என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது இந்தச் சிறிய எண்ணை உலைகளின் ஆண்டுத் தேவையால் வகுத்து வந்த விடை. விலை ஏறினால் விடையும் மாறும்.

விலை இறங்கினால் எதிர்ப்பக்கம் நடக்கும். 2007இல் ஒரு இறாத்தல் யுரேனிய ஒட்சைட்டின் சந்தை விலை 130 டொலரைத் தாண்டியது. 2016 கடைசியில் 20 டொலருக்கும் கீழே விழுந்தது. மக்காதர் ரிவர் சுரங்கம் 2018இல் நிறுத்தப்பட்டது. 2022இல்தான் மீண்டும் இயங்கியது. நிலத்தடியில் இருந்த கல் அந்த நான்கு ஆண்டும் அப்படியே இருந்தது.

வளம் கூடிய நாடே உற்பத்தி கூடிய நாடு என்பதும் உண்மையல்ல. வளக் கணக்கில் முதலிடம் அவுஸ்திரேலியாவுக்கு. உலகின் கால்பங்குக்கு மேல். உற்பத்தியில் முதலிடம் 2009 தொடக்கம் கசகஸ்தானுக்கு. 2022இல் உலக உற்பத்தியில் நாற்பது வீதத்துக்கு மேல், அதற்கடுத்துக் கனடாவும் நமீபியாவும். அவுஸ்திரேலிய வளத்தின் பெரும்பகுதி ஒலிம்பிக் டாம் என்ற ஒரே படிவில் இருக்கிறது. அங்கே முதன்மைப் பொருள் செம்பு, யுரேனியம் கூடவே வருவது. அதோடு சில மாநிலங்கள் புதிய யுரேனியச் சுரங்கங்களை அனுமதிப்பதில்லை. ஜபிலுகா என்ற பெரும் படிவு 1970களின் தொடக்கத்திலேயே அறியப்பட்டும், நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான மிரார் மக்கள் உறுதியாக மறுத்ததால் இன்றுவரை சுரங்கமாகவில்லை.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்தத் தொன் கணக்குக்கும் ஒரு உறுதியின் அளவும், ஒரு விலையும், ஒரு திகதியும் ஒட்டியிருக்கும்.

## தோண்டுதல்: மூன்று நாடுகள், மூன்று வழிகள்

நமீபியாவின் ரோசிங் சுரங்கம் 1976 தொடக்கம் இயங்குகிறது. பாலைவனத்தில் பெரிய திறந்த குழி. ஒரு தொன் பாறைக்குக் கிடைப்பது சுமார் 300 கிராம். மலைமலையாகக் கல்லை உடைத்துத்தான் கட்டுப்படியாகிறது.

கனடாவின் சிகார் லேக்கில் ஒரு தொன் தாதுக்கு 150 கிலோ அளவில் கிடைக்கிறது. ஐந்நூறு மடங்கு. கேட்பதற்குப் புதையல்போல் இருக்கிறது. ஆனால் அந்தப் புதையலை எடுக்க 33 ஆண்டுகள் ஆகின. 1981இல் கண்டுபிடித்தார்கள். படிவு 400 மீற்றருக்கும் கீழே. அதற்கு மேலே முழுக்க நீர் ஊறிய மணற்கல், அந்த நீர் பெரும் அழுத்தத்தில். 2005இல் கட்டுமானம் தொடங்கி, 2006 ஒக்ரோபரில் பாறை சரிந்து நீர் புகுந்து சுரங்கம் மூழ்கியது. நீரை இறைக்கும் முயற்சிக்கு நடுவே 2008இல் மறுபடி நீர் பாய்ந்தது. முதல் தாது மேலே வந்தது 2014இல்.

இன்று அங்கே என்ன செய்கிறார்கள் என்றால், மேலிருந்து குழாய்களை இறக்கி, உறைநிலைக்கு வெகு கீழே குளிரூட்டிய உப்புக்கரைசலை அவற்றுக்குள் ஓடவிட்டு, தாதுவையும் சுற்றியுள்ள நிலத்தையும் உறைய வைக்கிறார்கள். நீர் பனிக்கட்டியானால் பாயாது. பின் தாதுக்குக் கீழே உள்ள உறுதியான பாறையில் சுரங்கப்பாதை வெட்டி, அங்கிருந்து மேல்நோக்கித் துளைத்து, மிகை அழுத்த நீர்த்தாரையால் உறைந்த தாதுவை அரிக்கிறார்கள். சேறாக விழுவது குழாயில் போகிறது. அவ்வளவு செறிவான தாதுக்கு அருகே மனிதர் நிற்க முடியாதபடியால் தொழிலாளர் எவரும் அந்தக் குழிக்குள் போவதில்லை. தரம் உயர்ந்தது என்பதே செலவையும் ஆபத்தையும் உயர்த்திய இடம் இது.

கசகஸ்தானில் தோண்டுவதே இல்லை. மேலே சொன்ன இரசாயனம் இரண்டாவது தடவை உதவும் இடம் இது. கரைந்து வந்து படிந்ததுதானே யுரேனியம்? அதை மறுபடி கரைத்தால் திரும்ப வரும். ஒரு தொகுதிக் குழாய்க்கிணறுகளால் சல்பூரிக்கமிலம் கலந்த நீரைப் படைக்குள் செலுத்தி, கரைந்த யுரேனியத்தோடு அந்த நீரை வேறு குழாய்க்கிணறுகளால் மேலே இறைக்கிறார்கள். உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் இன்று இந்த வழியில் வருகிறது. இதற்கு நீர் ஊடுபுகும் மணற்கல் வேண்டும்; அதன் மேலும் கீழும் நீர் புகாத களிப்படை வேண்டும்.

நிலத்தடி நீரை மட்டுமே நம்பி வாழும் எங்களுக்கு இதைக் கேட்டதும் நெஞ்சு திடுக்கிடும். திடுக்கிட வேண்டியதுதான். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது அது சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் எப்படிப் பரவியது என்று பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் நிலத்தில் இந்த முறை அடிப்படையிலேயே பொருந்தாது: சுண்ணாம்புக்கல் அமிலத்தைத் தின்றுவிடும், தானும் கரைந்துபோகும். அதற்கு முன், இங்கே எடுக்கத்தக்க யுரேனியப் படிவும் அறியப்படவில்லை.

## மஞ்சள் தூள் வெடிகுண்டு அல்ல

எந்த வழியில் எடுத்தாலும் ஆலையில் யுரேனியம் கரைசலாக்கப்பட்டு, பிரித்தெடுக்கப்பட்டு, வீழ்படிவாக்கி உலர்த்தப்படுகிறது. விளைவு மஞ்சட்கட்டி என்று அழைக்கப்படும் தூள். இரும்புப் பீப்பாய்களில் அடைத்து அனுப்புகிறார்கள். அதைத் தொட்டால் சாவு என்பதெல்லாம் மிகை. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதுதான் அதன் முதல் ஆபத்து.

உலையில் எளிதாகப் பிளவுபடுவது யுரேனியம் 235 என்ற சமதானி. சமதானி என்றால் ஒரே மூலகத்தின், திணிவு வேறுபட்ட அணுவகை. இயற்கை யுரேனியத்தில் அது 0.7 வீதம் மட்டும். பெரும்பாலான உலைகளுக்கு அதை 3 தொடக்கம் 5 வீதமாகச் செறிவூட்ட வேண்டும். ஆயுதத்துக்கு ஏறத்தாழ 90 வீதம். கனடாவின் உலைகள் பாரநீரை, அதாவது பாரமான ஐதரசன் கொண்ட நீரைப் பயன்படுத்துவதால் செறிவூட்டாத யுரேனியத்திலேயே இயங்குகின்றன. சஸ்கச்சுவானில் எடுத்த தூள் ஒன்ராறியோவின் பிளைண்ட் ரிவரில் சுத்திகரிக்கப்பட்டு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே போர்ட் ஹோப்பில் உலைக்கேற்ற சேர்வையாக மாற்றப்பட்டு, எரிபொருளாகி உலைக்குப் போகிறது.

## எஞ்சுவதும் மூடுவதும்

ஆபத்து என்று கவலைப்பட வேண்டிய இடம் ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. யுரேனியத்தைப் பிரித்த பின் எஞ்சும் சேற்றுக் கழிவில் தாதின் கதிர்த்தொழிற்பாட்டில் ஏறத்தாழ 85 வீதம் தங்கிவிடுகிறது. வழித்தோன்றல்கள் எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ரேடியம் 226 பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் எடுக்கும். அதிலிருந்து வரும் ரேடன் வாயு, மூச்சோடு போனால் நுரையீரலைத் தாக்கும். காற்றோட்டம் இல்லாத பழைய சுரங்கங்களில் தொழிலாளர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தது இதனால்தான். கனடாவில் இப்போது பெரும்பாலும் வெட்டி முடித்த குழிகளையே கழிவுக் கிடங்காக்கி, சுற்றிவர நீர் ஓடும் வழியை ஒழுங்குசெய்து, கழிவின் ஊடே நீர் போகாதபடி வைக்கிறார்கள்.

எப்போதும் அப்படி நடக்கவில்லை. 1930இல் கனடாவின் வடமேற்கிலுள்ள கிரேட் பெயர் ஏரிக்கரையில் கனியம் தேடுபவரான கில்பேட் லபைன் தாதுவைக் கண்டார். போர்ட் ரேடியம் என்று பெயர் பெற்ற அந்தச் சுரங்கம் முதலில் ரேடியத்துக்காகவும், 1942 தொடக்கம் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கான யுரேனியத்துக்காகவும் இயங்கியது. அந்தத் தாது மூட்டைகளை முதுகில் சுமந்து ஏற்றியிறக்கியவர்களில் அந்நிலத்துக்குரிய டெனே மக்கள் இருந்தார்கள். எதைச் சுமக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1998இல் அவர்களின் பிரதிநிதிகள் ஹிரோஷிமாவுக்குப் போய், தங்கள் நிலத்திலிருந்து போன பொருளுக்காக அங்குள்ளவர்களிடம் வருத்தம் தெரிவித்தார்கள். சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்லர் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று கனடாவில் சூழல் மதிப்பீடு, பூர்வகுடிகளோடு கலந்தாலோசனை, அணுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் அனுமதி என்று கட்டங்கள் இருக்கின்றன. நிலத்தை ஆயத்தப்படுத்த, இயக்க, மூட என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். 2014இல் கண்டுபிடித்த ஆரோ என்ற செழிப்பான படிவுக்குச் சஸ்கச்சுவான் மாகாணத்தின் சூழல் அனுமதி கிடைத்தது 2023இல். மூடுவதற்கான திட்டத்தையும் அதற்கான பணத்தின் உத்தரவாதத்தையும் கம்பனி முதலே காட்டியாக வேண்டும். கிளஃப் லேக் சுரங்கம் 2002இல் உற்பத்தியை நிறுத்தியது. துப்புரவாக்கி, கண்காணித்து, மாகாண அரசின் நீண்டகாலப் பொறுப்புக்கு மாற்றப்பட்டது 2023இல்.

## மறுபடி எங்கள் கரைக்கு

புல்மோட்டையில் அள்ளுவது இல்மனைற், ரூற்றைல், சேர்க்கோன் கலந்த கனிய மணல். இல்மனைற்றிலிருந்து பெறும் வெண்பொருள் பெயின்ருக்குப் போகிறது. அந்த மணலில் மொனசைற் என்ற கனியமும் சிறிதளவு உண்டு. அதற்குள் தோரியம் சில வீதம், யுரேனியம் அதிலும் மிகக் குறைவு. கதிர்க்கருவி அங்கே சத்தமிட்டால் பெரும்பாலும் தோரியத்துக்காக. மணல் அள்ளுவதில் கரையரிப்பு, நிலத்தடி நீர், கடற்றொழிலாளரின் வாடி போன்ற உண்மையான கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்க யுரேனியக் கதை தேவையில்லை. அந்தக் கதையால் அந்தக் கேள்விகள்தான் பின்தள்ளப்படுகின்றன.

மன்னாரில் இல்மனைற்றுக்காகத் துளையிட்டபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். அங்கும் மேலே சொன்ன படிகள்தான். இலங்கையில் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. தேடுவதற்கு ஒன்று, அகழ்வதற்கு இன்னொன்று. தேடும் பத்திரம் கையில் இருப்பவர் அகழும் பத்திரம் பெற்றவர் அல்லர். காணிக்குள் துளைக்கருவியோடு வருபவரிடம் எந்தப் பத்திரம், எந்தக் கனியத்துக்கு, எந்த எல்லைக்குள், துளையை மூடும் பொறுப்பு யாருக்கு என்று கேட்டு, பத்திரத்தின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.